மிச்சச் சோற்றுக்கு ஒரு தராசு

சாப்பாட்டை எடைபோட்டு விற்கிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சாப்பிட்ட பிறகு தட்டில் கிடக்கிற மிச்சத்தை எடைபோட்டுச் சம்பளம் வாங்கியவன், எனக்குத் தெரிந்து சிங்கப்பூரில் நான் ஒருவன்தான். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாம் வகுப்பு எலும்பு வார்டில் எனக்கு அதுதான் உத்தியோகம். தமிழர்கள் கூடுகிற தேக்கா மார்க்கெட் பக்கம் போனால் "மிச்சக் காதர் வர்றாரு" என்பார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். எங்கள் மாமாவுக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

வீட்டில் வயதானவர்களுக்குச் சோறு போட்டு, இன்னும் ரெண்டே ரெண்டு வாய் என்று கெஞ்சிப் பார்த்தவர்கள் எல்லாரும் என் கட்சி. நீங்கள் கரண்டியோடு நின்றீர்கள், நான் தராசோடு நின்றேன். பட்ட பாடு ஒன்றுதான். அதனால் உங்களிடம் இதையெல்லாம் தைரியமாகச் சொல்லலாம்.

கடைத் தராசும் டாக்டரின் ஆணியும்

முதலில் நான் பஃபலோ ரோட்டில் மாமாவின் மளிகைக் கடையில் தராசு பிடித்தவன். தராசு முள் நடுவில் நிற்காமல் பொட்டலம் கட்ட எனக்குக் கை வராது. ஒரு மிளகாய் கூடிவிட்டால் அதை எடுப்பேன். முள் அந்தப் பக்கம் சாய்ந்தால் பாதி மிளகாயைக் கிள்ளிப் போடுவேன். வாடிக்கையாளர்கள் வரிசையில் நின்று கொட்டாவி விடுவார்கள். மாமா என்னைப் பார்க்கும் பார்வையில் பாசம் குறைந்துகொண்டே வந்தது. ஒருநாள் அந்த வரிசையில் டாக்டர் தியோ நின்றார். எலும்பு டாக்டர், சீனர், நாற்பது வயது இருக்கும். நான் மிளகாய் கிள்ளுவதைக் கடைசிவரை பார்த்துவிட்டு, தமிழும் மலாயும் கொஞ்சம் ஹொக்கியன் சீனமும் பேசுவாயா என்று கேட்டார். பேசுவேன் என்றேன். ஆஸ்பத்திரிக்கு வருகிறாயா என்றார். நான் யோசிப்பதற்குள் மாமா சம்மதம் சொல்லிவிட்டார்.

அந்தக் காலத்தில் வயதானவருக்கு இடுப்பெலும்பு உடைந்தால், காலில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு மாதக்கணக்கில் படுக்கப் போடுவார்கள். படுத்தவருக்கு முதுகில் புண் வரும், நெஞ்சில் சளி கட்டும். சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல வருவதை நிறுத்துவார்கள். டாக்டர் தியோ வெளிநாட்டில் வேறு வித்தை கற்று வந்திருந்தார். சின்னதாக ஒரு வெட்டு. எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக்கொண்டே எலும்புக்குள் ஓர் எஃகு ஆணி. சில நாளில் ஆளை எழுப்பி உட்கார வைத்துவிடுவது. முதுமை ஒரு வியாதி இல்லை, படுக்கைதான் வியாதி என்பார். ஆனால் ஆணி ஒழுங்காக நின்றும் சிலர் எழுந்திருக்கவில்லை. சரியாகச் சாப்பிடாததுதான் காரணமோ என்று அவருக்குச் சந்தேகம். அதற்குத்தான் ஆராய்ச்சி. அறுபது வயதைத் தாண்டிய ஆணிக்காரர்களுக்கு முட்டை, பால், மீன் என்று தனிச் சாப்பாடு. தட்டைப் போகும்போதும் வரும்போதும் நான் எடை போடுவேன். யார் எவ்வளவு சாப்பிடுகிறார், யார் எப்போது நடக்கிறார் என்று அவர் ஒப்பிட்டுப் பார்ப்பார். முதல் நாள் என் கையில் தராசைக் கொடுத்துவிட்டுப் பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலும் அவர் சொன்னது இதுதான்: "என் ஆணி வளையலே, காதர். ஆணி அடிச்ச மனுஷன்தான் வளைஞ்சு போயிடறான்."

இரண்டாவது மாடி அறை

கருப்பையா அண்ணன் வார்டுக்கு வந்தபோது தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. துறைமுகத்தில் ஆயுள் முழுக்க மூட்டை தூக்கியவர். அதை விட்ட பிறகும் சும்மா உட்காராமல் தேக்கா மார்க்கெட்டில் காய்கறிக் கூடை இறக்கிக்கொண்டிருந்தார். கல்யாணம் கட்டவில்லை. சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், கீழே கடை, மேலே குடியிருப்பு என்றிருந்த ஒரு கடைவீட்டின் இரண்டாவது மாடியில், பெருமாள், சன்னாசி என்ற இரண்டு பழைய துறைமுகக் கூட்டாளிகளோடு ஒரே அறையில் இருந்தார். குளிக்கிற இடத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு உடைந்தது. டாக்டர் தியோ ஆணி அடித்தார். ஆணி அழகாக உட்கார்ந்தது.

சிக்கல் எலும்பில் இல்லை, மாடிப்படியில் இருந்தது. அந்தக் கடைவீட்டுப் படி செங்குத்தாக, ஓர் ஆள் அகலத்துக்கு மேல் இல்லாமல் இருக்கும். இரண்டு பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிப் போக வழியில்லை. அண்ணன் தன் காலால் ஏறினால்தான் அறைக்குத் திரும்ப முடியும். இல்லாவிட்டால் ஊருக்கு வெளியே இருக்கிற முதியோர் இல்லம்தான். வார்டின் பெரிய டாக்டருக்கு, கிழவர்களுக்கு ஆப்பரேஷன் செய்வதிலேயே நம்பிக்கை கிடையாது. தீபாவளிக்குள் இவர் நடக்காவிட்டால் இல்லத்துக்கு அனுப்பிவிட வேண்டும் என்று டாக்டர் தியோவிடம் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட ஏற்பாடுகளைப் பார்க்கிற அம்மா ஒருவர் வந்து, இல்லத்தில் நல்ல கட்டில், ஃபேன், தோட்டம் எல்லாம் உண்டு என்று இவருக்குப் பொறுமையாக விளக்கினார். நான் மொழிபெயர்த்தேன். அண்ணன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். அந்த அம்மா போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "எல்லா வசதியும் இருக்குதுன்னு சொல்றாங்க பாய். அங்கே பெருமாளும் சன்னாசியும் இருப்பானுங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

பேத்திக்குப் போன முட்டை

அண்ணனுக்கு எதிர்க் கட்டிலில் பாக்சிக் யூசோஃப். பாக்சிக் என்றால் மலாயில் மாமா மாதிரி. கடலோரக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், படகு கட்டுகிறவர், அவரும் ஆராய்ச்சி ஆள்தான். அவர் தட்டு தினமும் கழுவி வைத்தது மாதிரி வரும். எனக்கு ஒரே பெருமை. டாக்டரிடம் காட்டிக் காட்டி மகிழ்ந்தேன். ஆனால் வாராவாரம் ஆளை எடைபோட்டால் இறங்கிக்கொண்டே போகிறார். டாக்டர் என் தராசைச் சந்தேகித்தார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமா கடையிலிருந்து எடைக்கல் வாங்கி வந்து தராசு சரிதான் என்று நிரூபித்தேன்.

பார்வையாளர் நேரத்தில் ஒருநாள் எதேச்சையாக அந்தப் பக்கம் போனேன். பாக்சிக்கின் பேத்தி கட்டிலோரம் இரண்டு கன்னமும் உப்ப உட்கார்ந்திருந்தாள். பேர் கேட்டால் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். திறந்தால் முட்டை விழும். தலைமாட்டு அலமாரியில் துண்டுக்குள் இன்னும் இரண்டு அவித்த முட்டை பத்திரமாக இருந்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பிஸ்கெட்டை இடுப்பில் முடிந்துவைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்களே, அதே கதைதான். அடுத்த நாளிலிருந்து முட்டையைக் கஞ்சியில் அடித்துக் கலக்கச் சொல்லி உத்தரவாயிற்று. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று நான் கேட்டதற்குப் பாக்சிக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அவளுக்கு எலும்பு இப்பத்தான் வளருதுலா. என்னோடது வளர்ந்து, முடிஞ்சு, உடைஞ்சும் போச்சு" என்றார்.

போதும் பாய்

கருப்பையா அண்ணன் விஷயம் இதற்கு நேர் எதிர். அவர் தட்டு போன மாதிரியே திரும்பி வரும். சோற்றில் ஓர் ஓரம் மட்டும் கலைந்திருக்கும். மீன் முழுசாக என்னைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். டாக்டர் இதற்கென்று எவ்வளவோ ஏற்பாடு செய்திருந்தார். ஆராய்ச்சி ஆட்களின் சாப்பாடு ஆறிப்போகக் கூடாது என்று அவர்களுக்கு மட்டும் தனி டிராலி. அதுதான் முதலில் வரும். அரைமணி நேரம் கழித்து அட்டெண்டர் தட்டுகளைத் திரும்ப எடுத்துவிடுவார். ஆராய்ச்சி என்றால் நேரம் தவறக் கூடாது அல்லவா. நான் வார்டின் கோடியில் இருந்த பாத்திரம் கழுவும் அறையில் தராசோடு உட்கார்ந்திருப்பேன். தட்டுகளைப் பார்ப்பேனே தவிர சாப்பிடுகிறவர்களைப் பார்த்ததில்லை.

ஏன் அண்ணே சாப்பிடவில்லை என்று கேட்டால் போதும் பாய், வயிறு நிறைந்துவிட்டது என்பார். ஆளோ நாளுக்கு நாள் சட்டைக்குள் சுருங்கிக்கொண்டிருந்தார். வெட்டின இடம் ஆறவில்லை. நிற்க வைத்தால் கால் நடுங்கியது. டாக்டர் பல்லைப் பார்த்தார், வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார், சமையல்காரரிடம் சண்டை போட்டார். வார்டைக் கவனித்த சிஸ்டர் ரோஸ், இது ஏதாவது கோயில் விரதமா என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். ஈரச் சாப்பாட்டால் ஆணி துருப்பிடித்துவிடும் என்று அண்ணன் பயப்படுகிறாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம். அதையும் கேட்டுப் பார்த்தேன், அவர் சிரித்துவிட்டார். எதுவும் பிடிபடவில்லை. எனக்கு உள்ளுக்குள் பயமாகவே இருந்தது. சிஸ்டர் ரோஸ் தலையை ஆட்டிக்கொண்டு, "தட்டை எடுக்கும்போது அவர் கும்பிட்டு நன்றி சொல்ற அழகைப் பார்த்தா, விருந்து சாப்பிட்டவர் மாதிரி இருக்கு காதர்" என்றார்.

டிபன் கேரியரும் எலும்பும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிஸ்டர் ரோஸ் என்னை அவசரமாகக் கூப்பிட்டு அனுப்பினார். ஆராய்ச்சி ஆட்களுக்கு வெளிச் சாப்பாடு கூடாது என்பது சட்டம். பெருமாளும் சன்னாசியும் ஓர் அடுக்கு டிபன் கேரியரைச் சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்துவிட்டார்கள். அதை எப்படிச் சட்டைக்குள் மறைத்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் தராசைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். கட்டில்மேல் துண்டு விரித்து, மூன்று பேரும் மூன்று தட்டில் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆட்டெலும்புச் சாறும் சோறும், பக்கத்துக் கட்டில்காரருக்கும் ஒரு கிண்ணம். அண்ணன் தட்டில் பருக்கை இல்லை. அவர் நெற்றியில் வியர்வை அரும்பியிருந்தது. அவ்வளவு நாளில் அந்த முகத்தில் நான் ஒளி பார்த்தது அன்றுதான்.

சாப்பிட்டாகிவிட்டதே, இனி எதை எடை போடுவது? வெறுங்கையோடு போனால் டாக்டர் கேட்பார். கேரியரைக் காலியாக எடைபோட்டேன். அப்புறம் தட்டில் கிடந்த எலும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தராசில் வைத்தேன். மூவரும் கை கழுவக்கூடப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் பெருமாள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று, "நல்லா பாத்துக்குங்க பாய். அது எல்லாம் ஆட்டோட எலும்புதான். ஆஸ்பத்திரி எலும்பு எதையும் நாங்க எடுக்கலே" என்றார்.

சக்கரம் உடைந்த நாள்

அண்ணனுக்கு ஆட்டிறைச்சி என்றால் உயிர் என்று நான் கண்டுபிடித்துவிட்டேன்! டாக்டர் உடனே ஆஸ்பத்திரிச் சமையலில் எலும்புச் சாறு வைக்க ஏற்பாடு செய்தார். அது போன வேகத்தில் கொழுப்பு உறைந்து திரும்பி வந்தது. தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. சிராங்கூன் ரோட்டில் துணிக்கடைகளில் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகப் போகிறது, இவருக்கு எடுத்து வைக்கட்டுமா என்று அந்த அம்மா மறுபடியும் வந்து கேட்டார். டாக்டர் தியோ ஜன்னல் பக்கம் போய் நின்றார்.

அந்த வாரம்தான் தனி டிராலியின் சக்கரம் உடைந்தது. வேறு வழியில்லாமல் எல்லாத் தட்டுகளையும் பொது டிராலியிலேயே ஏற்றி, கட்டில் கட்டிலாக வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அண்ணனின் தட்டு காலியாக வந்தது. நான் நம்பவில்லை. பாக்சிக்கிடம் பட்ட அடி மறக்குமா? நேராக வார்டுக்குப் போய் அண்ணனின் தலைமாட்டு அலமாரியைத் திறந்தேன், தலையணையைத் தூக்கினேன், குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். பக்கத்துக் கட்டிலில், வயதில் மூத்தவர் என்பதால் எல்லாரும் ஆ பெக் என்று கூப்பிடுகிறவர் படுத்திருந்தார். மணிக்கட்டு உடைந்த சீனத் தச்சர். ஆராய்ச்சியில் இல்லை, அவருக்குப் பொதுச் சாப்பாடுதான். அவர் வாயையும் ஒருமுறை உற்றுப் பார்த்தேன். முட்டையும் இல்லை, மீனும் இல்லை.

என்ன பாய் தேடுகிறீர்கள் என்றார் அண்ணன். பொறுமை போய், இத்தனை நாள் இறங்காத சோறு இன்றைக்கு மட்டும் எப்படி அண்ணே இறங்கியது என்று கேட்டேன். இது ஒரு கேள்வியா என்பதுபோல அவர் என்னைப் பார்த்தார். தினமும் தனக்கு மட்டும் முதலில் தட்டு வந்துவிடுகிறது, பக்கத்தில் ஆ பெக் ஒன்றும் இல்லாமல் படுத்திருக்கிறார், அவருக்குத் தட்டு வருகிற நேரத்தில் தன் தட்டை எடுக்க ஆள் வந்துவிடுகிறார் என்றார். இங்கே அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டாராம். போடுகிறவர்களிடம் குறை சொல்லக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டாராம். ஆ பெக்கிடம் கேட்டால் அவர் கதை இன்னும் மோசம். அண்ணன் கூச்சப்படாமல் சாப்பிடட்டும் என்று இந்த மனிதர் தினமும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். அதைப் பார்த்த அண்ணன், ஆ பெக்குக்கு மனம் நொந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார். எதிர்க் கட்டில் பாக்சிக் மட்டும் என்ன? அக்கம்பக்கத்தாரை மக்கான், மக்கான், சாப்பிட வாங்க என்று அழைக்காமல் அவருக்கும் கை போகாதாம். நானோ எங்கள் ஊர் விருந்துகளில் ஒரே சஹன் தட்டைச் சுற்றி நால்வராக உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்தவன். நான்காவது ஆள் வராமல் மற்ற மூவரும் சோற்றைத் தொட மாட்டோம். எனக்கே இது தோன்றவில்லை, பாத்திர அறையில் உட்கார்ந்து மீனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். அண்ணன் என்மேல் இரக்கப்பட்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னார்: "பக்கத்து இலை காலியா இருக்கறப்போ நான் மட்டும் எப்படி பாய் கை நனைக்கிறது?"

வராந்தா மேசை

டாக்டர் தியோவிடம் போய்ச் சொன்னேன். மறுபடி சொல் என்றார். மறுபடி சொன்னேன். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். தன் வீட்டிலும் அம்மா சாப்ஸ்டிக்கை எடுக்கும்வரை மேசையில் யாரும் எடுக்க முடியாது என்றார். சாப்பாட்டை ஒழுங்காக அளக்க வேண்டும் என்று போட்ட ஏற்பாடே சாப்பிட விடாமல் செய்துவிட்டது என்று அவருக்கு விளங்கிவிட்டது. தனி டிராலிக்குப் புதுச் சக்கரம் வேண்டாம் என்று அன்றே எழுதிக் கொடுத்துவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. சேர்ந்து சாப்பிடத்தானே ஆசை, அப்படியானால் கட்டிலை விட்டு எழுந்து வரட்டும் என்று வராந்தாவில் ஒரு நீள மேசை போடச் சொன்னார். நடுங்குகிற கிழவர்களை வராந்தாவுக்கு நடத்திப் போவதா, விழுந்தால் யார் பொறுப்பு என்று சிஸ்டர் ரோஸ் கோபித்துக்கொண்டார். மறுநாள் பார்த்தால், கைப்பிடி வைத்த நல்ல நாற்காலிகளாகப் பொறுக்கி அவரே வரிசையாகப் போட்டு வைத்திருக்கிறார். அண்ணன் முதலில் சக்கர நாற்காலியில் போனார். பிறகு ஒரு மர நாற்காலியை முன்னால் தள்ளிக்கொண்டே போனார். அப்புறம் ஊன்றுகோல். கால் வலித்தது, முகத்தில் தெரிந்தது. ஆனால் அங்கே ஆட்கள் காத்திருக்கிறார்களே, போகாமல் எப்படி? பெரிய டாக்டர் ஒருநாள் இந்தக் கூத்தைப் பார்க்க வந்து மேசையோரம் நின்றார். ஒருவரும் சோற்றைத் தொடவில்லை. எல்லாரும் அவரையே பார்த்தார்கள். அவர் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெட்டுக் காயம் மூடியது. சட்டை மறுபடி உடம்போடு ஒட்டியது. இதில் ஆணிக்கு எவ்வளவு பங்கு, முட்டைக்கு எவ்வளவு, மேசைக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இன்னும் நிறையப் பேரைப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் அடக்கமாகத்தான் பேசினார். எனக்கு அந்த அடக்கம் இல்லை, சந்தோஷத்தில் தராசுக்கே எண்ணெய் போட்டுத் துடைத்தேன். அண்ணன் அந்த மேசையில் ஒரு சட்டம் கொண்டுவந்திருந்தார். கடைசி ஆள் முடிக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. ஆ பெக் மின்னலாகச் சாப்பிடுகிறவர். ஒற்றைக் கையால் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு உட்கார்ந்தே இருப்பார். அண்ணனோ ரசத்துக்கு ஒருமுறை, மோருக்கு ஒருமுறை என்று நிதானமாகப் போவார். ஒருநாள் ஆ பெக் என்னிடம், "இவர் சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள என் கை எலும்பு ஒட்டிடும்லா" என்றார்.

படிக்கட்டு

தீபாவளிக்கு முன்னால் அண்ணனை வீட்டுக்கு அனுப்பினார்கள். படி ஏறாமல் இது முடியாது, நானே பார்க்க வேண்டும் என்று டாக்டர் தியோ தன் காரிலேயே எங்களை அழைத்துப் போனார். சந்து முனையில் பெருமாளும் சன்னாசியும் காத்திருந்தார்கள். ஒரு நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டிப் பல்லக்கு மாதிரி ஒன்று செய்து வைத்திருந்தார்கள். அது அந்தப் படிக்கட்டில் நுழையவே நுழையாது. அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, என்னை எடுத்துக்கொண்டு போகிற நாளுக்குப் பத்திரமாக வையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும், ஆணிக் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் வார்டிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார். அண்ணன் ஒரு கையால் சுவரையும் ஒரு கையால் கைப்பிடிக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு ஏறினார். டாக்டர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அவருக்குப் பின்னால். அவர் விழுந்தால் டாக்டருக்கும் ஓர் ஆணி தேவைப்படும். டாக்டருக்குப் பின்னால் அண்ணனின் துணி மூட்டையோடு நான். முதல் மாடியில் அண்ணன் நின்றுவிட்டார். கால் நடுங்குவது வேட்டிக்கு மேலேயே தெரிந்தது. அவ்வளவுதான், இல்லம்தான் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். தட்டு தட்டாக நான் எடைபோட்டதெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில் வீண் என்று தோன்றியது. டாக்டர் மெல்ல, உட்காருகிறாரா என்று கேள் என்றார். நான் கேட்பதற்குள் அண்ணன் நல்ல காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார்.

பெருமாளும் சன்னாசியும் அறையைத் திறந்து வைக்க முன்னாலேயே மேலே ஓடியிருந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அண்ணன் வாசற்படியைத் தாண்டி, தன் பாயில் போய் உட்காராமல், அறை நடுவில் நிமிர்ந்து நின்றார். டாக்டரின் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். கால் வலிக்கிறதா என்று கேள் என்றார் டாக்டர். கேட்டேன். அண்ணன் தன் கூட்டாளிகளை ஒருமுறை பார்த்துவிட்டு, "என் கால் நல்லாத்தான் இருக்குங்க டாக்டர். இவனுங்க ரெண்டு பேருந்தான் மாடி ஏறி எப்படி மூச்சு வாங்குறானுங்க பாருங்க. வந்தது வந்தீங்க, அப்படியே இவனுங்களையும் கொஞ்சம் பாத்துட்டுப் போங்க" என்றார்.

மிச்சத்தை எடைபோடுவதற்கென்றே சம்பளம் வாங்கியும், எடைபோட மிச்சமே இல்லாத நாளுக்காக அல்லாவிடம் துஆ கேட்டுக்கொண்டிருந்த ஒரே தராசுக்காரன் நானாகத்தான் இருப்பேன்.